நாய்க்கும் ஒரு நாற்காலியா?

"அம்மா, முன்னாடியே சொல்லிடறேன். மத்தியானம் நாம சாப்பிடப் போற இடத்திலே பக்கத்து மேஜைக்கு அடியிலே நாய் படுத்திருக்கும். நீ முகத்தைச் சுளிச்சுடாதே. அவங்களுக்குத் தமிழ் தெரியாட்டியும் முகம் தெரியும்!"

காரில் ஏறி உட்காருவதற்கு முன்பே என் மகள் இப்படி ஓர் எச்சரிக்கை விட்டுவிட்டாள். 2024 செப்டம்பரில் நானும் இவரும் கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே நகரில் மகள் வீட்டில் இருந்தோம். ஒரு சனிக்கிழமை 'கார்மெல்' என்ற கடற்கரை ஊருக்குப் போய் வரலாம் என்று மாப்பிள்ளை கிளப்பினார். நாய்களுக்கு ராஜ உபசாரம் நடக்கும் ஊராம் அது!

எனக்குச் சொரேரென்றது. என் முகம் போகட்டும். கூட வருகிறானே எட்டு வயதுப் பேரன், அவனை என்ன செய்வது?

சகோதரிகளே, இதை உங்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். 2022 கோடை விடுமுறையில் அவர்கள் திருச்சிக்கு வந்திருந்தபோது, எங்கள் வாசலில் தெருநாய் ஒன்று பேரனின் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. எல்லோரிடமும் "ஓடிப் போய்க் கடிச்சுடுச்சு" என்றுதான் சொல்லி வைத்தேன். உண்மை அதுவல்ல. மீந்த சோற்றைக் கையில் கொடுத்து, "போய் அதுக்குப் போட்டுட்டு வாடா கண்ணா, புண்ணியம்" என்று அவனை அனுப்பியது நான்தான். சோற்றைப் போட்டவன், அது தின்னும்போதே முதுகைத் தடவியிருக்கிறான். அவ்வளவுதான்!

பதறிப் போய் மஞ்சள் பொடியை அப்பப் போனேன். பக்கத்து வீட்டு நர்ஸம்மா கையைத் தட்டிவிட்டு, குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினார்கள். பிறகு ஆஸ்பத்திரி. காயத்தைச் சுற்றி ஒரு ஊசி, கையில் ஒரு ஊசி, அப்புறம் 3, 7, 14, 28-ஆம் நாட்களில் ஒவ்வொன்று. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. அந்தப் பழைய மருந்தைத் தயாரிப்பதையே 2004 டிசம்பரோடு நம் நாட்டில் நிறுத்திவிட்டார்கள்.

புண் பத்து நாளில் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. தெருவில் நாய் வந்தால் என் பேரன் இன்னமும் எதிர்ப்புற நடைபாதைக்குப் போய்விடுவான்.

பூண்டு மணக்கும் வழி

ஸான் ஹோஸேயிலிருந்து கார்மெலுக்கு ஒன்றரை மணி நேரம். வழியில் 'கில்ராய்' என்று ஓர் ஊர். கண்ணாடியை இறக்கினால் போதும், பூண்டு வாசனை குப்பென்று மூக்கில் ஏறுகிறது! பூண்டுக்கே பெயர் போன ஊராம். "நம்ம வீட்டுச் சமையலறை மாதிரி இருக்கு" என்று இவர் சிரித்தார். அதைத் தாண்டி வயல்கள், பிறகு மான்ட்டெரே விரிகுடா, பிறகு கார்மெல்.

ஒரே சதுர மைல் ஊர். 2020 கணக்குப்படி மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். 1916-இல் நகரமாயிற்று. வீடுகளைப் பார்த்தால் பாட்டி சொன்ன கதையில் வருகிற மாதிரி, கோணல் கூரையும் குட்டி ஜன்னலுமாக இருக்கின்றன. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஹ்யூ காம்ஸ்டாக் என்பவருடைய மனைவி துணிப் பொம்மைகள் செய்து விற்று வந்தார். பொம்மைகளை வைக்க ஓர் இடம் வேண்டும் என்று 1924-இல் கணவர் ஒரு குட்டி வீடு கட்டிக் கொடுத்தார். அது ஊருக்கே பிடித்துப் போய், அதே தினுசில் இன்னும் பல வீடுகள் எழும்பின. மனைவியின் கைவேலைக்காகக் கட்டிய வீடு ஓர் ஊரின் முகத்தையே மாற்றிவிட்டது. நம் வீட்டு ஐயாக்கள் கவனிக்க!

அழகாக இருக்கிறதே தவிர, சட்டதிட்டத்துக்குக் குறைவில்லாத ஊர். இரண்டு அங்குலத்துக்கு மேல் குதிகால் உயர்ந்த செருப்பு போட வேண்டுமானால் நகர அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று 1963-இல் விதி போட்டிருக்கிறார்கள். மர வேர்கள் நடைபாதையைத் தூக்கி விட்டிருப்பதால், விழுந்து எழுந்து நகராட்சி மேல் வழக்குப் போடுவார்களோ என்ற பயம்தான். என் ரப்பர் செருப்புக்கு அந்தக் கவலை இல்லை.

கடைத்தெருவில் நடந்தால் மனிதர்களுக்குச் சரிசமமாக நாய்கள். கடை வாசலில் தண்ணீர்க் கிண்ணம், கண்ணாடிக் குடுவையில் நாய் பிஸ்கட்டு. 'சைப்ரஸ் இன்' என்ற பழைய விடுதியை மகள் காட்டினாள். 1929-இல் திறந்தது. அதில் பல ஆண்டுகள் பங்குதாரராக இருந்தவர் நடிகை டோரிஸ் டே. 1956-இல் ஹிட்ச்காக் எடுத்த படத்தில் தாய் மகனுக்குப் பாடும் அந்தப் பாட்டைப் பாடியவர் என்றால் உங்களுக்குப் புரியும். அதே மெட்டை 1957-இல் 'ஆரவல்லி' படத்தில் தமிழிலும் கேட்டிருக்கிறோமே! அவர் 1978-இல் பிராணிகளுக்காக ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தியவர். 2019-இல் காலமாகும் வரை இந்தப் பக்கத்தில்தான் வாழ்ந்தார். விடுதியில் தங்குகிறவர்கள் நாயையும் அழைத்து வரலாம் என்று வழி விட்டவரும் அவர்தான்.

பேரன் ஒரு கையில் தாத்தாவையும் மறு கையில் அப்பாவையும் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

முற்றத்தில் ஒரு சாப்பாடு

சாப்பாட்டுக்கு ஒரு ஹோட்டல் முற்றம். மேலே கொடி படர்ந்த பந்தல், கீழே செங்கல் தரை. தெருவிலிருந்து நேராக முற்றத்துக்கு வழி. நான்கு மேஜை தள்ளி வெள்ளை முடிப் பாட்டியம்மா ஒருவர், அவர் காலடியில் கன்றுக்குட்டி கணக்காக ஒரு பழுப்பு நாய்.

பேரன் நாற்காலியில் உட்காரவே இல்லை. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பாட்டி, போயிடலாம்." அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு எரிச்சலும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து வந்தன. "இது என்னம்மா அக்கிரமம்? மனுஷங்க சாப்பிடற இடத்திலே நாய்க்கு என்ன வேலை? ஒரு சட்டம் கிடையாதா இந்த ஊர்லே?" என்று பொரிந்தேன்.

"இருக்கு அத்தை. நாய் வரலாம்னும் சட்டம், எப்படி வரணும்னும் சட்டம்" என்றார் மாப்பிள்ளை. அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விவரம் தெரிந்தது.

கலிபோர்னியாவில் 2015 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் அது. இஷ்டப்பட்ட ஹோட்டல்காரர் தம் வெளிமுற்றத்தில் வளர்ப்பு நாய்களை அனுமதிக்கலாம், கட்டாயம் இல்லை. ஆனால் உள்ளே நுழைந்து வராமல் வெளியிலிருந்தே வர ஒரு தனி வழி வேண்டும். நாய் வாரில் கட்டியிருக்க வேண்டும், அல்லது கூடையில் இருக்க வேண்டும். நாற்காலி, பெஞ்சு, மேஜை எதன் மேலும் ஏறக் கூடாது. பரிமாறுகிறவர் அதைத் தொடக் கூடாது, தொட்டால் உடனே கை கழுவ வேண்டும். அதற்குத் தண்ணீரோ தீனியோ வைப்பதானால் ஒரு தரம் உபயோகித்து எறிகிற கிண்ணத்தில்தான். நாம் சாப்பிடும் தட்டைக் காட்டவே கூடாது! அந்த முற்றத்தில் சமையல் வேலை எதுவும் நடக்கக் கூடாது. அசுத்தம் செய்தால் அந்தக் கணமே சுத்தம் செய்ய வேண்டும். 2022-இல் அமெரிக்க மத்திய அரசின் உணவு விதித் தொகுப்பும் இதே மாதிரி வெளிமுற்றத்துக்கு மட்டும் வழி செய்து கொடுத்திருக்கிறதாம்.

"பிரான்ஸ், இங்கிலாந்திலே உள்ளேயே வரும், அத்தை. அது கடைக்காரர் இஷ்டம். ஆனா சமையல்கட்டுப் பக்கம் எங்கேயும் விட மாட்டாங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே சர்வர் பெண் வந்தாள். பையனை ஒரு பார்வை பார்த்தாள். என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. "உள்ளே நாய்கள் கிடையாது, அங்கே ஜன்னலோரம் ஓர் இடம் இருக்கிறது. அல்லது இந்த மூலை மேஜை. எது வேண்டும்?" என்று நேராக அவனையே கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்து மூலையைக் காட்டினான். சுவரை ஒட்டி அவன், அவனுக்கு வெளிப்பக்கம் தாத்தா.

அந்த வெள்ளை முடிப் பாட்டியும் கவனித்திருக்கிறார். வாரைச் சுருட்டிப் பிடித்து, நாயைத் தம் மறுபக்கம் சுவரோரமாகப் படுக்க வைத்தார். எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். அது முன்னங்கால் மேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்கியே போயிற்று.

எல்லோரும் அப்படி இருந்துவிட்டால் பரவாயில்லையே! சற்று நேரத்தில் இன்னொரு தம்பதி, ஒரு சுருள்முடிக் குட்டி நாய்க்கு ஸ்வெட்டர் மாட்டிக் கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார வைத்துத் தங்கள் தட்டிலிருந்தே ஊட்ட ஆரம்பித்தார்கள். அதே சர்வர் பெண் போய்ச் சிரித்த முகமாக ஏதோ சொன்னாள். அந்த அம்மாளுக்கு முகம் சிறுத்துவிட்டது. ஆனாலும் குட்டி தரைக்கு இறங்கியது. காகிதக் கிண்ணத்தில் தண்ணீர் வந்தது.

என் பேரன் உருளைக்கிழங்கு வறுவலை முழுத்தட்டும் காலி செய்தான். நாயைத் தடவினானா, பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அதெல்லாம் சினிமாவில் நடக்கும். நாய் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

ஊரில் எல்லாமே சரி என்று சொல்லிவிட மாட்டேன். சாப்பிட்ட பிறகு கடற்கரைக்குப் போனோம். வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி மணல், கரை நெடுக சைப்ரஸ் மரங்கள். ஆனால் அங்கே நாய்களை அவிழ்த்து விடலாமாம், எஜமானர் கூப்பிட்டால் திரும்பி வந்தால் போதுமாம். பத்துப் பன்னிரண்டு நாய்கள் தலைதெறிக்க ஓடுகின்றன! குழந்தை மணலில் காலே வைக்கவில்லை. பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டோம். கடல் எல்லோருக்கும் பொதுவில்லையா? ஒரு பக்கத்தையாவது குழந்தைகளுக்கென்று விட்டிருக்கலாம்.

இரவு டிபனில் பட்ட சூடு

திரும்பும்போது இருட்டிவிட்டது. "இனிமே வீட்டுக்குப் போய் எங்கே சமைக்கிறது?" என்று வழியில் நம்மவர்கள் நடத்தும் ஒரு ஹோட்டலில் டிபன் சாப்பிட நிறுத்தினோம். உள்ளேதான் இடம். சாம்பார் வாசனை, பக்தி கேஸட்டில் கேட்ட பழைய பாட்டு. "அப்பாடா, இங்கே நாய்த் தொல்லை கிடையாது" என்று நிம்மதியாகச் சாய்ந்தேன்.

தோசை வந்தது. கூடவே வாசல் கதவைத் திறந்துகொண்டு ஒரு கறுப்பு நாயும் வந்தது!

நாள் முழுக்க அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெடித்துவிட்டது. "என்னப்பா இது, உள்ளேயும் நாயா? நாங்க சாப்பிட வேண்டாமா?" என்று சர்வரைப் பார்த்துத் தமிழில் சத்தம் போட்டேன். ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. பிறகுதான் நாயின் முதுகிலிருந்த கைப்பிடியும், அதைப் பிடித்திருந்த கையும், அந்தப் பெண்ணும் என் கண்ணில் பட்டார்கள். இருபத்தைந்து வயதிருக்கும். கண் தெரியாத பெண்.

அவளுக்குத் தமிழ் தெரிந்திருக்காது. குரல் தெரியாதா? நின்ற இடத்திலேயே நின்று, ஆங்கிலத்தில், "இவன் மேஜைக்கடியில் படுத்துக் கொள்வான், யாருக்கும் தொந்தரவு இருக்காது" என்றாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி. பல இடங்களில் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை என்று கேட்கும்போதே தெரிந்தது.

காலையில் மகள் சொன்னாளே, தமிழ் தெரியாட்டியும் முகம் தெரியும் என்று. என் முகத்தைக்கூடப் பார்க்க முடியாத பெண்ணிடம் நான் குரலைக் காட்டிவிட்டேன்!

"பாட்டி, அது வேலை செய்யற நாய். அதைத் தொடக் கூடாது, பேசக் கூடாது. ஸ்கூல்லே சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்று காதோரமாகச் சொன்னான் பேரன். சொல்லிவிட்டு, நாய் போக வழியாகத் தன் நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே இழுத்துக்கொண்டான். அவன் கை நடுங்கியது. ஆனாலும் இழுத்தான்.

நான் எழுந்து போய் அந்தப் பெண்ணிடம், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்று சிரித்தாள். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

காரில் மகள் விளக்கினாள். அமெரிக்காவில் 1990-இல் உடல் ஊனமுற்றோருக்கான சட்டம் ஒன்று வந்தது. அதன்படி, பயிற்சி பெற்ற உதவி நாய் எஜமானரோடு ஹோட்டல், கடை, ஆஸ்பத்திரி என்று பொது ஜனங்கள் போகும் இடமெல்லாம் போகலாம். பார்த்தால் தெரியாதபோது இரண்டே கேள்விகள்தான் கேட்கலாம்: ஊனத்துக்குத் துணையாக வந்த நாயா? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? சான்றிதழ் கேட்கக் கூடாது. மற்றவர்களுக்குப் பயம், ஒவ்வாமை என்று சொல்லியும் மறுக்க முடியாது. இருவரையும் தள்ளித் தள்ளி உட்கார வைக்கலாம். ஆனால் நாய் குரைத்து ரகளை செய்து, எஜமானர் அடக்கவும் இல்லையென்றால் அதை வெளியே கொண்டு போகச் சொல்லலாம். கண் தெரியாதவர்களுக்கு நாய்களைப் பழக்கிக் கொடுக்கும் ஒரு பெரிய நிறுவனம் 1942 முதல் இதே கலிபோர்னியாவில் இயங்குகிறது.

நம் ஊருக்கு ஆகுமா?

சென்னையிலும் பெங்களூரிலும் "உங்கள் நாயையும் அழைத்து வாருங்கள்" என்னும் சிற்றுண்டிச்சாலைகள் வந்துவிட்டன. நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், அந்த ஊர் நிலைமை வேறு, நம் நிலைமை வேறு என்பதை முதலில் சொல்வேன். நாய்க்கு நாய் பரவும் வெறிநோய் அமெரிக்காவில் ஒழிந்துவிட்டது என்று 2007-இல் அறிவித்துவிட்டார்கள். உலகில் அந்நோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே நம் ஊரில் நாய் வரும் ஹோட்டலில், தடுப்பூசி அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். வெளிமுற்றம் மட்டும் போதும். வார், காகிதக் கிண்ணம், பயந்த குழந்தைக்கு ஒரு மூலை மேஜை – இந்த மூன்றும் இருந்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன். கூடத்துக்குள் செல்ல நாய் வேண்டாம். கண்ணுக்குப் பதிலாக வருகிற நாய்க்கு மட்டும் எந்தக் கதவும் திறக்கட்டும்.

இளம் தாய்மார்கள் குறித்து வைத்துக்கொள்ள நான்கு விஷயம்:

1. எவ்வளவு சாதுவான நாயானாலும் எஜமானரைக் கேட்காமல் குழந்தை தொடக் கூடாது. தின்னும்போதும், தூங்கும்போதும், குட்டி போட்டிருக்கும்போதும் கிட்டே போகவே கூடாது. நாய் நெருங்கி வந்தால் ஓடாமல், கத்தாமல், கையைத் தொங்கவிட்டு மரம் மாதிரி நிற்கப் பழக்குங்கள்.

2. நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு. நாயின் வயிற்றுப் பூச்சி முட்டைகள் மண்ணிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு குழந்தையின் வயிற்றுக்குப் போகும்.

3. பாவம் என்று நம் தட்டிலிருந்து போடாதீர்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட் இவையெல்லாம் நாய்க்கு விஷம். நம் சாம்பாரும் கேசரியும் அதற்கு உபகாரம் இல்லை.

4. கடித்தாலோ, பிறாண்டினாலோ, புண் மேல் நக்கினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. வீட்டு நாய்தானே, குட்டிதானே என்று நாள் கடத்தாதீர்கள். எல்லா ஊசியையும் முடியுங்கள்.

திருச்சிக்குத் திரும்பிவிட்டோம். எங்கள் வாசல் நாய் இன்னமும் இருக்கிறது. நாய் பிடிக்கும் வண்டி வந்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காதில் அடையாளம் வைத்துக் கொண்டு வந்து விட்டார்கள். மீந்த சோற்றை இப்போதெல்லாம் நானே கொண்டு போய், கொய்யா மரத்தடியில் ஓர் ஓட்டில் வைத்துவிட்டுத் தள்ளி வந்துவிடுகிறேன்.

போன வாரம் டெலிபோனில் பேரன் கேட்டான்: "பாட்டி, அந்த நாய்க்கு இப்போ யார் சோறு போடறாங்க?"

"நான்தான் கண்ணா. அன்னிக்கும் நான்தான் போட்டிருக்கணும்."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "தின்னும்போது கிட்டே நிக்காதீங்க பாட்டி" என்றான்.